நாலு மாதமும் ஒரு நாளும்

மலேசியாவில் காடியின் காப்புறுதியை இடையில் ரத்து செய்ய நினைப்பவருக்கு ஆண்டிலேயே மிக மோசமான நாள் எது? பாலிசி தொடங்கி நாலு மாதம் முடிந்த மறுநாள். ஜோசியம் எல்லாம் இல்லை. எட்டே வரியில் இருக்கும் ஓர் அட்டவணையை வைத்து யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பாலிசிப் புத்தகத்தின் பின்பக்கங்களில், ரத்து செய்வது பற்றிய பத்தியை ஒட்டி, பொடி எழுத்தில் அந்த அட்டவணை இருக்கும். காப்பு ஒரு வாரத்துக்குள் முடிக்கப்பட்டால் ஆண்டுக் கட்டணத்தில் 12.5 விழுக்காட்டை நிறுவனம் வைத்துக்கொள்ளும். ஒரு மாதம் வரை 25. இரண்டு மாதம் வரை 37.5. மூன்று என்றால் 50, நாலு என்றால் 62.5, ஆறு வரை 75, எட்டு வரை 87.5. எட்டு மாதத்தைத் தாண்டிவிட்டால் முழுப் பணமும் நிறுவனத்துக்கே. குறுகிய கால விகிதம் என்பது இதன் பெயர். ஏஜெண்டுகள் ‘ஷார்ட் பீரியட்’ என்று சுருக்கிவிடுவார்கள்.

கிள்ளானில் ஒருவர் தன் மைவி காடிக்கு 1,200 வெள்ளி கட்டிக் காப்புறுதி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 100 வெள்ளி, மனக்கணக்குக்குச் சுலபம். நாலு மாதம் கழித்து காடியை விற்றுவிடுகிறார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் இருக்கும் ஏஜெண்டிடம் ரத்து செய்யப் போகிறார். பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

“அண்ணே, இன்னும் எட்டு மாசம் பாக்கி இருக்கு. 800 வெள்ளியாவது வரணும்ல?”

“300தான் தம்பி. நேத்து வந்திருந்தா 450.”

ஏஜெண்டு ஏமாற்றவில்லை. நாலாம் மாதக் கடைசி நாளில் நிறுவனம் பிடித்துக்கொள்வது 750 வெள்ளி. மறுநாள் காலையில் அது 900 ஆகிவிடுகிறது. 1,200ஐ 365ஆல் வகுத்தால் ஒரு நாள் காப்பின் விலை 3 வெள்ளி 29 காசு. அந்த ஒரு நாளுக்குத் தம்பி கொடுத்தது 150. ஆண்டு முழுவதும் இப்படிப் படிகள் உண்டு. ஆனால் ஓடிய நாளுக்கும் பிடித்த பணத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி மிக அகலமாக இருப்பது இந்தப் படியில்தான்: காலத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும், பணத்தில் நாலில் மூன்று பங்கு போயிருக்கும்.

சரி, நியாயமான கணக்கு என்று ஒன்று இருந்தால் அது என்ன? இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

1898இல் லாடிஸ்லாவுஸ் போர்ட்கேவிச் என்ற புள்ளியியலாளர் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்தவர்களின் பதிவேடுகளை அவர் எடுத்துக்கொண்டார். 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள். ஆக 200 பதிவுகள், 122 சாவுகள். ஒருவரும் சாகாத பதிவுகள் 109, ஒருவர் இறந்தவை 65, இருவர் 22, மூவர் 3, நால்வர் ஒன்றே ஒன்று. எந்தச் சிப்பாயை எந்தக் குதிரை எப்போது உதைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பிரெஞ்சுக் கணிதர் புவாஸோன் 1837இல் எழுதிவைத்த சூத்திரத்தில் சராசரியை மட்டும் போட்டால், சாவே இல்லாத பதிவுகள் 108.7 இருக்க வேண்டும் என்று வருகிறது. நிஜத்தில் 109. தனித்தனியே பார்த்தால் தலையும் காலும் புரியாத விபத்துகள், கூட்டமாகச் சேர்ந்தால் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்கின்றன.

அந்தச் சூத்திரத்துக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. நேற்று மோதவில்லை என்பதற்காக இன்று மோதும் வாய்ப்பு கூடுவதில்லை, குறைவதுமில்லை. விபத்துக்கு ஞாபகம் கிடையாது. அப்படியென்றால் ஓராண்டு அபாயத்தை 365 சம துண்டுகளாக நறுக்கலாம். ஒவ்வொரு நாள் முடியும்போதும் நிறுவனம் 3.29 வெள்ளியை உழைத்துச் சம்பாதித்திருக்கிறது. மீதிப் பணம் அதன் கையில் இருந்தாலும் அதனுடையது அல்ல.

இது நான் வாடிக்கையாளர் பக்கம் சாய்ந்துகொண்டு சொல்வதில்லை. காப்புறுதி நிறுவனங்கள் தங்கள் கணக்கேட்டை இப்படித்தான் எழுதுகின்றன. ஜனவரியில் 1,200 வெள்ளி வந்தால் அன்றைக்கே அதை வருமானம் என்று காட்டிவிட முடியாது. இன்னும் ஓடாத நாட்களுக்கான பங்கைக் கடன் பக்கத்தில் வைத்து, நாள் ஆக ஆகத்தான் வருமானத்துக்கு மாற்ற வேண்டும். 2023 முதல் மலேசியாவில் நடப்பில் உள்ள எம்எஃப்ஆர்எஸ் 17 கணக்கியல் தரமும் ஓராண்டுப் பாலிசிகளுக்கு இந்த வழியைத்தான் அனுமதிக்கிறது. கணினி இல்லாத நாளில் குமாஸ்தாக்கள் ஆண்டை 24 அரை மாதங்களாகப் பிரித்து, ஒரு மாதத்தில் விற்ற பாலிசி எல்லாம் அந்த மாதத்தின் நடுவில் தொடங்கியதாக வைத்துக்கொண்டு இதைக் கணக்கிட்டார்கள். தோராயம்தான், ஆனால் பிழை இரண்டு பக்கமும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். எட்டில் ஒரு பங்காக ஏறும் நம் படிக்கட்டு அப்படியில்லை. அதன் எல்லாப் படியும் ஒரே பக்கமாகத்தான் சாய்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிறுவனமே முன்வந்து உங்கள் பாலிசியை ரத்து செய்தால், 14 நாள் முன்னறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, மீதி நாட்களுக்கான பணத்தை நாள் கணக்கில் திருப்பித் தர வேண்டும். அதே பாலிசி, அதே பக்கம். அவர்கள் விலகினால் நேர்க்கோடு, நாம் விலகினால் படிக்கட்டு.

நிறுவனங்கள் இதற்கு இரண்டு காரணம் சொல்லும். முதல் காரணம் ஆரம்பச் செலவு. மோட்டார் காப்புறுதியில் ஏஜெண்டு கமிஷன் 10 விழுக்காடு. ஒரு வார அபாயம் ஏறத்தாழ 1.9 விழுக்காடு. இரண்டும் சேர்ந்தால் 11.9, அட்டவணையின் முதல் படியான 12.5க்கு மிக அருகில் வந்துவிடுகிறது. முதல் படி நியாயமான படிதான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் நாலு மாதத்துக்கு இதே கூட்டலைப் போட்டால் 43தான் வரும், 75 வராது. கமிஷன் ஒரு தடவைதான், மாதாமாதம் முளைப்பதில்லை. போதாதற்கு, திருப்பித் தரும் பணத்துக்குரிய கமிஷனை ஏஜெண்டின் கணக்கில் கழித்துக்கொள்வதும் தொழிலில் வழக்கம்.

இரண்டாவது காரணம் கனமானது. எல்லா நாளும் ஒன்றல்ல. பெருநாளுக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கே காலியாகி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நிற்கும் நாட்களும், மழைக்காலமும், சாதாரண மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமையும் ஒரே அபாயம் கொண்டவை அல்ல. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை வரை தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளப் பாதுகாப்பு நம் முழுக் காப்புறுதியில் தானாக வருவதில்லை. தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். ரத்து செய்வது நாள் கணக்கில் நடந்தால், நவம்பரில் எடுத்து மழை ஓய்ந்ததும் ஜனவரியில் திருப்பிக் கொடுப்பவர்கள் வருவார்கள். அபாயம் மிகுந்த மாதங்கள் மட்டும் நிறுவனத்தின் தலையில் விழும், மற்றவர்களின் கட்டணம் ஏறும். ஒரு தரப்புக்கு மட்டும் தெரிந்த தகவல் சந்தையை எப்படிக் கெடுக்கிறது என்பதை பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஆகர்லோஃப் 1970இல் ஒரு கட்டுரையில் பழைய கார் விற்பனையை வைத்தே விளக்கினார். அந்தக் கட்டுரையில் காப்புறுதியும் உண்டு. 2001இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

வாதம் நல்ல வாதம். ஆனால் காடிக்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி காப்புறுதி இல்லாத காடியைச் சாலையில் இறக்குவதே குற்றம். ஆகவே பாலிசியை ரத்து செய்துவிட்டு அதே காடியை ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. ரத்து செய்ய வருபவர் பெரும்பாலும் விற்றவர், உடைப்புக்குப் போட்டவர், வெளிநாடு போகிறவர். மழையை எண்ணிக் கணக்குப் போட்டவரைப் பிடிக்கக் கட்டிய படிக்கட்டில் இவர்கள்தான் விழுகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் நெடுங்காலம் இதே மாதிரி ஒரு படிக்கட்டு இருந்தது. முதல் மாதத்துக்கு 20 விழுக்காடு, பிறகு மாதத்துக்குப் பத்துப் பத்தாக ஏறி எட்டு மாதத்தில் 90, அதற்கு மேல் முழுப் பணம். 2024 ஜூனில் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சுற்றறிக்கையில் அதை மாற்றியது. ஓராண்டு வரையிலான பாலிசியில் இழப்பீடு எதுவும் கேட்காத தனிநபர் எப்போது ரத்து செய்தாலும், மீதிக் காலத்துக்கு உரிய பணத்தை விகிதப்படி கொடுத்தாக வேண்டும். நம் நாட்டில் 2017 ஜூலை 1 முதல் முழுக் காப்புறுதியின் விலையை நிறுவனங்களே தீர்மானிக்கின்றன. விலை மாறியது, பழைய கட்டண விதியின் அட்டவணை மட்டும் பல பாலிசிகளில் இன்னும் குடியிருக்கிறது. உங்களுடையதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இருந்தால் சண்டை போட முடியுமா? படிக்கட்டே தப்பு என்று வாதாடுவது கடினம். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. உங்களைச் சரியான படியில்தான் நிறுத்தினார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. கணக்கை எழுத்தில் கேளுங்கள். எந்தத் தேதியை ரத்துத் தேதியாக எடுத்தார்கள்? காடியை விற்ற நாள் வேறு, ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப் அனுப்பிய நாள் வேறு, நிறுவனத்துக்குக் கடிதம் போய்ச் சேர்ந்த நாள் வேறு. படி மாறும் விளிம்பில், இந்த மூன்றில் எதை எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். காப்புறுதிச் சான்றிதழைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், தொலைந்திருந்தால் சத்தியப் பிரமாணம் தர வேண்டும் என்ற விதியும் பல பாலிசிகளில் உண்டு. அதைத் தேடுவதில் நாள் போகும். அந்த ஆண்டில் இழப்பீடு வாங்கியிருந்தால் மட்டும் கேட்டுப் பயனில்லை, திரும்பி வராது.

300 வெள்ளிக்கு ஓடும்போது என்சிடியை, அதாவது இழப்பீடு கேட்காதவருக்கான தள்ளுபடியை, மறப்பவர்களும் இருக்கிறார்கள். 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என்று ஆண்டுக்கு ஆண்டு ஏறும் அந்தத் தள்ளுபடி காடிக்கு உரியதல்ல, சொந்தக்காரருக்கு உரியது. அடுத்த காடிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அடுத்த கட்டத்துக்கு ஏற முழுதாக 12 மாதம் இழப்பீடு கேட்காமல் ஓட்டியிருக்க வேண்டும். பதினோராம் மாதத்தில் ரத்து செய்பவருக்குப் பணமும் வராது, தள்ளுபடியும் ஏறாது.

நிறுவனத்தின் புகார்ப் பிரிவு கைவிரித்தால், அதன் இறுதிப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை குறைதீர்ப்பு அமைப்பிடம் போகலாம். 2025 ஜனவரி 1 முதல் எஃப்எம்ஓஎஸ் என்ற பெயரில் இயங்குகிறது. அதற்கு முன் ஓஎஃப்எஸ். கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் சுலைமானில் அலுவலகம், பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தூரமில்லை. பொதுவான விலைக் கொள்கையை அவர்கள் விசாரிப்பதில்லை. அட்டவணையே வேண்டாம் என்று சொல்ல நினைப்பவர் பேங்க் நெகாராவுக்குத்தான் எழுத வேண்டும். தேதியையும் தொகையையும் பற்றிய தகராறு என்றால், பாலிசியின் அட்டவணைப் பக்கம், ரத்துக் கடிதம், அது போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி, இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.