மே மாத ரிப்போர்ட்டில் காரைக்கால் எங்கே?

ஜாயின் எழுதத் தெரியும், குரூப் பை போட்டு சம் எடுக்கவும் தெரியும். ரெண்டும் சேரும்போது ஒரு விஷயம் சத்தமில்லாம நடக்கும்: பொருந்தாத வரிசைகள் காணாமப் போயிடும். எர்ரர் வராது. நம்ம ஊர் கடலை வெச்சே பார்க்கலாம்.

'பகுதி' என்ற டேபிளில் 4 வரிசைகள்: புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம். 'வரத்து' என்ற டேபிளில் விசைப்படகு ஒவ்வொன்றும் கரைக்குக் கொண்டுவந்த மீன்: பகுதி எண், படகு எண், மாதம், கிலோ. ஒரு வருஷத்துக் கணக்குன்னு வெச்சுக்குங்க.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் துறைமுகத்திலேயே நிற்கும். மாகே மட்டும் மேற்குக் கரை. அங்கே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக மே மாதத்தில் காரைக்காலுக்கு 'வரத்து' டேபிளில் ஒரு வரிசைகூட இருக்காது.

இன்னர் ஜாயின் போட்டு மே மாதக் கூட்டுத்தொகை கேட்டா, மாகே மட்டும் வரும். மத்த 3 பகுதியும் 0-ன்னுகூட வராது, பெயரே இருக்காது. யாருக்கு வருமானம் இல்லையோ, அவங்கதான் பட்டியலில் இல்லை!

இதுக்குத் தீர்வு லெஃப்ட் ஜாயின். (கீவேர்டுகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம்.)

செலக்ட் ப.பெயர், கோஅலெஸ்(சம்(வ.கிலோ), 0)
ஃப்ரம் பகுதி ப
லெஃப்ட் ஜாயின் வரத்து வ
ஆன் வ.பகுதி_எண் = ப.எண் அண்ட் வ.மாதம் = 5
குரூப் பை ப.எண், ப.பெயர்

இடப்பக்க டேபிளின் எல்லா வரிசையும் நிற்கும். ஜோடி கிடைக்காத இடத்தில் நல் வரும். நல் மட்டுமே இருந்தா சம் தரும் விடையும் நல்தான். அதை 0 ஆக்குவது கோஅலெஸ்.

இங்கே வழக்கமா வழுக்குற இடங்கள் மூணு.

1. மாத நிபந்தனையை வேர் பகுதிக்கு மாற்றினா காரைக்கால் மறுபடி போயிடும். ஏன்? ஜனவரி, பிப்ரவரி வரிசைகளோட அது ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்டது. அதனால நல் வரிசையே உருவாகாது. பிறகு வேர் வந்து மே அல்லாத எல்லாத்தையும் தள்ளிவிடும். நிபந்தனை ஆன் பகுதியில்தான் இருக்கணும்.

2. கவுன்ட்(*) போட்டா காரைக்காலுக்கு 1 வரும். நல் நிரம்பிய வரிசையும் ஒரு வரிசைதானே! கவுன்ட்(வ.படகு_எண்) போட்டா 0 வரும்.

3. சராசரி. மாகேயில் 12 டன், மத்த பகுதிகள் நல் என்று வைத்துக்கொண்டா, ஏவிஜி நல்லை விட்டுட்டு 12 என்று சொல்லும். 0 ஆக மாற்றிய பிறகு எடுத்தா 3. எந்தக் கேள்விக்கு விடை தேடுறோம்னு முதலில் முடிவு பண்ணுங்க.

கடைசியா ஒண்ணு. மே மாத 0 உண்மையான 0, தடைக்காலம். ஆனா மார்ச்சில் ஒரு பகுதியோட பதிவேட்டை யாரும் ஏற்றவே இல்லைன்னா? அதுக்கும் கோஅலெஸ் 0 என்றுதான் காட்டும். 'மீன் வரலை' வேற, 'கணக்கு வரலை' வேற. கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் பதிவுகளின் எண்ணிக்கையையும் ஒரு காலமா வைங்க. தடை இல்லாத மாதத்தில் எண்ணிக்கை 0 என்றால், உடனே விசாரிக்கணும்.

இப்போ இதே கொயரியில் 5-ஐ 7 ஆக்கி, கைப்பட நாலு வரிசை போட்டு ஓட்டிப் பாருங்க. இந்தத் தடவை 0 வாங்கப்போறது யார்னு ஓட்டுறதுக்கு முன்னாடியே சொல்ல முடிஞ்சா, பாடம் புரிஞ்சிருச்சு.