கண் தெரியாதவர் டிராக்டரைத் தொடலாமா?

தொடலாம், எஞ்சின் நின்றபிறகு. டிராக்டரின் பின்னால், மற்ற கருவிகளை இயக்கும் பி.டி.ஓ. தண்டு பொதுவாக நிமிடத்துக்கு 540 முறை சுற்றும். நொடிக்கு 9 சுற்று. சட்டை நுனி சிக்கினால் உதறிக்கொள்ள நேரமே இருக்காது. பண்ணை வேலை கற்கும் பார்வையற்ற மாணவருக்குக் காதுதான் பெரிய துணை. ஆனால் எஞ்சின் இரைச்சல் தண்டின் சத்தத்தை விழுங்கிவிடும்.

அதனால் முதல் பாடம் நிறுத்திய வண்டியில்தான். சாவி மாணவர் கையில். தண்டின் காப்புறையை விரலால் தடவி, விரிசல் இருக்கிறதா என்று சோதிப்பார். (கண் தெரிந்தவர்களே பலர் இதைச் செய்வதில்லை!)

டிராக்டரைப் போலவே மாட்டிடமும் கவனம் வேண்டும். தனக்கு நேர் பின்னால் நிற்பவர் மாட்டுக்குத் தெரியமாட்டார். திடீரெனத் தொட்டால் உதைக்கும். ஆகவே குரல் கொடுத்தபடி தோள் பக்கமாக நெருங்க வேண்டும்.

பண்ணைக்குள் நடக்கும்போது, நடைபாதையில் சரளை எது, சிமென்ட் எது என்று காலே சொல்லிவிடும். மண்வெட்டியை வழியில் போடாமலிருப்பது மற்றவர்களின் வேலை.