ஓட்டுநர் உரிமம் வரை வந்த பால் வரையறை

ஆண் யார், பெண் யார் என்பதைச் சட்டப் புத்தகத்திலேயே எழுதிவிடுவது என 2023-ல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநில சட்டமன்றம் முடிவெடுத்தது. ‘பெண்கள் உரிமைச் சாசனம்’ என்று ஆதரவாளர்கள் அழைத்த 180-ஆம் எண் செனட் மசோதாவை ஜனநாயகக் கட்சி ஆளுநர் லாரா கெல்லி வீட்டோ செய்தார். மூன்றில் இரண்டு பங்கு பலம் வைத்திருந்த குடியரசுக் கட்சியினர் வீட்டோவை முறியடித்தனர். ஜூலை 1-ல் சட்டம் அமலுக்கு வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

கருமுட்டையை உருவாக்கும் வகையில் இனப்பெருக்க மண்டலம் அமைந்தவர் பெண். அதைக் கருவுறச் செய்யும் வகையில் அமைந்தவர் ஆண். பிறக்கும்போது உள்ள பாலே கணக்கு. சிறை, கழிப்பறை, விளையாட்டு, குடும்ப வன்முறைக்கு ஆளானோர் காப்பகம் போன்றவற்றில் ஆண், பெண் எனப் பிரிப்பதை இது ஏற்கிறது. பெண்களின் பாதுகாப்பும் அந்தரங்கமும் இதனால் உறுதிப்படும் என்பது ஆதரவாளர்களின் வாதம்.

மீறினால் தண்டனை உண்டா?

2023-ல் இயற்றப்பட்டபோது சட்டத்தில் அபராதமும் இல்லை, சிறையும் இல்லை. ஆனாலும் மாநிலத்தின் மற்ற சட்டங்களிலும் விதிகளிலும் பால் பற்றி வரும் இடமெல்லாம் இந்தப் பொருளே பொருந்தும். பலம் அங்கேதான்.

உரிமத்துக்கு என்ன ஆனது?

திருநர்கள் தம் ஓட்டுநர் உரிமத்தில் பாலைக் குறிக்கும் எழுத்தை மாற்றிக்கொள்ள கன்சாஸ் அனுமதித்து வந்தது. இனி பிறப்புப் பாலையே குறிக்க வேண்டும் என்றார் மாநில அட்டர்னி ஜெனரல் கிரிஸ் கோபாக். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்றது கெல்லி நிர்வாகம். கோபாக் வழக்குத் தொடுத்த சில நாட்களிலேயே மாற்றங்களுக்கு நீதிமன்றம் தடை போட்டது. தாடி வைத்த திருநம்பி ஒருவரைச் சாலையில் போலீஸ் நிறுத்தினால், பெண் என்று காட்டும் உரிமத்தை நீட்ட வேண்டும். தன்னைப் பற்றிய விவரத்தை முன்பின் தெரியாதவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும் என்பது எதிர்ப்பாளர்களின் கவலை.

2025 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. உரிமத்தில் எழுத்தை மாற்றினால் குற்றவாளிகளை அடையாளம் காண்பது சிரமமாகும் என்ற கோபாக் தரப்பு வாதத்துக்கு ஊகத்தைத் தாண்டிய சான்று இல்லை என்றது.

மற்ற மாநிலங்களில்?

அதே 2023-ல் மொன்டானா இயற்றிய இதுபோன்ற சட்டம் அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் விழுந்தது. வரையறை தவறு என்பதால் அல்ல. மசோதாவின் தலைப்பு அதன் பொருளைத் தெளிவாகக் காட்டவில்லை என்பதால். 2025 ஜனவரி 20-ல் அதிபர் டிரம்ப் இதே பாணி வரையறையை நிர்வாக ஆணை மூலம் மத்திய அரசுத் துறைகளுக்கும் கொண்டுவந்தார்.

ஆகவே இத்தகைய மசோதாவின் வீச்சை அறிய, அதிலுள்ள வரையறையை மட்டும் படித்தால் போதாது. அந்த மாநிலத்தின் எந்தெந்தச் சட்டங்கள், எந்தெந்தப் படிவங்கள் பாலைக் கேட்கின்றன என்றும் பார்க்க வேண்டும்.