பழைய அம்பாசடரைத் தாழ்த்தலாமா? சஸ்பென்ஷன் வேலைக்கு முன் ஒரு கணக்கு

நம் வணிகர் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் ஓர் அம்பாசடர் கார் உண்டு. அப்பா காலத்தில் மண்டிக்கும் மார்க்கெட்டுக்கும் ஓடிய வண்டி. விற்க மனம் வருவதில்லை. கொல்கத்தாவை அடுத்த உத்தரபாரா தொழிற்சாலையில் 2014 மே மாதத்தோடு இதன் உற்பத்தி நின்றுவிட்டதால், இருக்கும் வண்டிக்கு மதிப்பும் கூடியிருக்கிறது. வீட்டுப் பிள்ளைகளுக்கோ அதை அழகுபடுத்தி, உயரத்தைக் குறைத்து, தரையோடு தரையாக ஓட்ட ஆசை. "நாலு கட்டை வைத்தால் போதும், ஒரே நாளில் முடித்துத் தருகிறேன்" என்று சொல்லும் பட்டறைகளும் உள்ளன.

இந்த வேலையில் பணம் மட்டுமல்ல, வண்டியில் உட்காருபவர்களின் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஆகவே எந்தப் பொருளையும் வாங்குமுன் வரவு, செலவு பார்ப்பது போல இதற்கும் கணக்குப் பார்த்துவிடுவது நல்லது.

வண்டியைத் தாங்குவது எது?

ஸ்பிரிங் தராசு நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொக்கியில் 1 கிலோ மாட்டினால் முள் ஓரளவு இறங்கும். 2 கிலோ மாட்டினால் அதைப் போல் இருமடங்கு இறங்கும். கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் எவ்வளவு மாட்டினாலும் அதற்கு மேல் இறங்க இடமில்லை. கார் ஸ்பிரிங்கும் இதே தராசுதான். வண்டியின் எடை, ஆட்கள், சரக்கு எல்லாம் சேர்ந்து அதை ஓரளவு அமுக்கி வைத்திருக்கும். மீதியிருக்கும் இடமே பள்ளம் மேடு வரும்போது சக்கரம் மேலே ஏறி இறங்குவதற்கான கையிருப்பு. கையிருப்பு தீர்ந்தால் பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடித்து, அந்த அடி நேராக பாடிக்குப் போகும்.

அம்பாசடரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. வண்டியின் நீளவாக்கில் இருபுறமும் செல்லும் டார்ஷன் பார் என்ற எஃகுக் கம்பி, முறுக்கேறி எடையைத் தாங்குகிறது. பின்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகள் உள்ளன. இதே காலத்து பிரீமியர் பத்மினியில் பின்னால் பட்டை, முன்னால் சுருள் ஸ்பிரிங். இரண்டுமே பின்சக்கரங்கள் இழுக்கும் வண்டிகள்.

ஸ்பிரிங் எடையைத் தாங்கும், ஆட்டத்தை நிறுத்தாது. அது ஷாக் அப்சார்பரின் வேலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் பணம் வீணாகிறது. வண்டி ஊஞ்சல் போல ஆடினால் குற்றம் பெரும்பாலும் உயரத்தில் இல்லை; ஷாக் அப்சார்பரிலும் ரப்பர் புஷ்களிலும் இருக்கிறது.

தாழ்த்தினால் என்ன லாபம்?

லாபம் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. வளைவில் திரும்பும்போது வண்டியின் பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. பாரத்தின் மையம் எவ்வளவு உயரமோ அவ்வளவு அதிகமாக மாறும். மையம் தாழ்ந்தால் சாய்வு குறையும். எவ்வளவு குறையும் என்பதுதான் கேள்வி.

உதாரணத்துக்கு மையத்தின் உயரம் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வண்டியை 1 அங்குலம், அதாவது 2.5 செ.மீ. தாழ்த்தினால் மாறும் பாரம் 100க்கு 4 பங்கு குறைகிறது. சக்கரமும் ஆக்சிலும் இருந்த இடத்திலேயே இருப்பதால் உண்மையில் அதற்கும் சற்றுக் குறைவே. கண்ணுக்கு அழகு தெரியும். ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. தேய்ந்த புஷ்ஷையும் ஒழுகும் ஷாக் அப்சார்பரையும் மாற்றினால் கிடைக்கும் நிதானம் இதைவிட எவ்வளவோ மேல்.

வேகத்தடைக் கணக்கு

இந்திய சாலைப் பேரவை வகுத்த அளவுப்படி வட்டவடிவ வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அம்பாசடரின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே ஏறத்தாழ 2.46 மீட்டர். அப்படிப்பட்ட மேட்டின் உச்சி வண்டிக்கு நடுவே வரும்போது நான்கு சக்கரங்களும் மேட்டின் சரிவிலேயே நிற்கும். கணக்குப் போட்டால் உச்சி சக்கரத் தளத்தைவிட சுமார் 4.5 செ.மீ. தான் உயர்ந்திருக்கும். வண்டியின் அடி இடைவெளி ஏறத்தாழ 16 செ.மீ. தாராளமாகக் கடந்துவிடலாம்.

ஆனால் நம் தெருக்களில் அவரவர் போட்ட வேகத்தடைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் இருக்கின்றன. அரை மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரம் என்றால் முன்சக்கரம் இறங்கி முடிந்த பிறகு மேடு முழுவதும் வண்டியின் வயிற்றுக்கு அடியில் நிற்கும். 16 செ.மீ. இடைவெளியில் மிஞ்சுவது 1 செ.மீ.

இதில் டிக்கியில் 25 கிலோ அரிசி மூட்டை நான்கு ஏற்றுங்கள். பின் ஸ்பிரிங்குகள் இரண்டும் சேர்ந்து 40 கிலோவுக்கு 1 செ.மீ. இறங்குமானால் 100 கிலோவுக்குப் பின்பக்கம் 2.5 செ.மீ. இறங்கும். நடுப்பகுதி அதில் பாதியாவது இறங்கும். மிஞ்சியிருந்த 1 செ.மீ. போய், சைலன்சர் குழாய் உராயத் தொடங்கும். தாழ்த்தாத வண்டியின் நிலையே இது. ஏற்கனவே 2.5 செ.மீ. தாழ்த்திய வண்டி காலியாகவே உராயும். வாரம் ஒருமுறையாவது சரக்கு ஏற்றும் வண்டியைத் தாழ்த்தக் கூடாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

பட்டறைகளில் சொல்லப்படும் வழிகள்

1. கட்டை வைப்பது: லாரியில் ஆக்சிலுக்கு மேலே பட்டை இருக்கும். இடையில் கட்டை வைத்தால் வண்டி உயரும். அம்பாசடர் போன்ற கார்களில் ஆக்சில் பட்டையின் மேல் உட்கார்ந்திருப்பதால் அதே கட்டை வண்டியைத் தாழ்த்தும். முறையாகச் செய்த உலோகக் கட்டையும் அதற்கேற்ற நீளமான புதிய யு போல்ட்டும் வேண்டும். மரக்கட்டையை அறுத்து வைப்பது ஆபத்து. மரம் நசுங்கினால் யு போல்ட் தளரும். ஆக்சில் இடம் பெயரும்.

2. பட்டையைக் கழற்றுவது: நான்கைந்து பட்டைகளில் ஒன்றிரண்டை எடுத்துவிட்டால் வண்டி இறங்கும் என்பார்கள். இறங்கும், ஆனால் பலம் போய்விடும். இந்த வண்டிகளில் பட்டை எடையை மட்டும் தாங்கவில்லை. ஆக்சிலை இடத்தில் பிடித்து வைப்பதும், ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ஆக்சில் திருகிக்கொள்ளாமல் தடுப்பதும் அதே பட்டைதான். மெலிந்த பட்டை புறப்படும்போதும் பிரேக் போடும்போதும் எஸ் எழுத்துப் போல நெளியும். பின்சக்கரம் துள்ளும்.

3. சூடு காட்டி வளைவைக் குறைப்பது: கேஸ் வைத்துச் சூடாக்கினால் எஃகின் பதம் கெட்டுவிடும். பட்டை பிறகு தானாகவே தொய்யும், அல்லது முறியும். வளைவை மாற்ற வேண்டுமென்றால் சூடு காட்டாமல் குளிர்நிலையில் தட்டிச் செய்யும் அனுபவசாலியிடமே கொடுக்க வேண்டும்.

4. டார்ஷன் பாரைத் திருப்பிப் பொருத்துவது: பாரின் முனையில் உள்ள பற்களை மாற்றிப் பொருத்தினால் முன்பக்க உயரம் மாறும். இதனால் பாரின் விறைப்பு மாறாது. உயரம் மட்டுமே மாறும். ஆகவே இறங்கிய அளவுக்குக் கையிருப்பு குறைந்துவிடும். ஒரு பக்கம் முறுக்கேறிப் பழகிய பாரை மறுபக்கம் மாற்றிப் போடக் கூடாது. எதிர்த் திசையில் முறுக்கினால் முறியும். கழற்றும்போதே இடது, வலது என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

5. சுருளை வெட்டுவது: பத்மினி வைத்திருப்போரிடம் சொல்லப்படும் யோசனை இது. 8 சுற்றில் 1 சுற்றை வெட்டினால் மீதி 7. விறைப்பு 14 சதவீதம் கூடிவிடும்; பழைய ஷாக் அப்சார்பர் அதை அடக்காது. சக்கரம் முழுவதும் தொங்கும்போது குட்டையான சுருள் இருக்கையைவிட்டு நழுவவும் கூடும்.

பின்சக்கர வண்டியின் தனிச் சிக்கல்

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சில் வரை புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓடுகிறது. அதன் இரு முனைகளிலும் யு.ஜே. கிராஸ் உண்டு. சாய்வாகச் சுழலும் கிராஸ் ஒரே சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் சற்று வேகமெடுத்துத் தணியும். முன்முனையின் இந்தக் கோணலைப் பின்முனை சரிக்கட்ட வேண்டுமானால் கியர்பாக்ஸ் அச்சும் டிஃபரன்ஷியல் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கட்டை ஒருபுறம் சரிந்திருந்தால் இந்த இணை கெடும். வேகம் எடுக்கும்போது தரையில் அதிர்வு தெரியும். சில மாதங்களில் கிராஸ் தேய்ந்து சத்தம் கொடுக்கும்.

கூடவே பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், ஆக்சிலின் அருகே செல்லும் சைலன்சர் குழாய் ஆகிய மூன்றும் முழு அமுக்கத்திலும் முழுத் தொங்கலிலும் இழுபடாமல், உரசாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முன்பக்க உயரம் மாறினால் சக்கரக் கோணமும் மாறும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து, புது டயரின் முதல் வீணாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

தொய்ந்த ஸ்பிரிங்கை மாற்றிப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது பழுதுபார்ப்பு, தாழ்த்துவது மாற்றம். 15 ஆண்டு முடிந்த சொந்தக் காருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டியாக வேண்டும். ஆகவே பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்வது விவேகம்.

செலவு செய்ய வேண்டிய வரிசை

முதலில் அளந்து பாருங்கள். சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். இடது வலது வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறது. முப்பது ஆண்டு ஓடிய வண்டி பல நேரங்களில் ஏற்கனவே தாழ்ந்துதான் இருக்கும். அதன்மேல் தாழ்த்துவது கடன்மேல் கடன் வாங்குவது போல.

அடுத்து ஒவ்வொரு மூலையையும் பலமாக அமுக்கி விடுங்கள். மேலே வந்து ஒரே ஆட்டத்தில் நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் முடிந்தது. மாற்றினால் இடது வலது ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, ரப்பர் புஷ்கள், ஷாக்கிள், சென்டர் போல்ட், யு போல்ட். புதிய யு போல்ட்டைச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் மறுபடி முடுக்க வேண்டும். நான்காவது, பட்டைகளைப் பிரித்துத் துரு நீக்கி, முறிந்ததை மாற்றி, அளவான வளைவோடு சேர்ப்பது. ஐந்தாவது, தயாரிப்பாளர் குறித்த அளவில் நல்ல டயர். கடைசியாக அலைன்மென்ட்.

இந்த ஆறும் முடிந்த பிறகு வண்டியை ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். சாய்வும் ஆட்டமும் பெருமளவு குறைந்திருக்கும். அதன் பிறகும் தாழ்த்த ஆசை இருந்தால், சரக்கு ஏற்றாத வண்டி, அனுமதி, 1 அங்குலத்துக்கு மேற்படாத அளவு என்ற மூன்றும் பொருந்தினால் மட்டும் யோசிக்கலாம்.

வியாபாரத்தில் கையிருப்பைக் கரைத்துக் கடையின் முகப்பை அலங்கரிப்பவரை நாம் புத்திசாலி என்று சொல்வதில்லை. வண்டியின் உயரமும் ஒரு கையிருப்புதான். அதைப் பள்ளம் மேட்டுக்கென்று வைத்துக்கொண்டு, பணத்தை ரப்பரிலும் ஷாக் அப்சார்பரிலும் டயரிலும் போடுங்கள். அப்பாவின் வண்டி பேரப்பிள்ளைகளையும் சுமக்கும்.