ஒரு வெள்ளியும் நாற்பது வெள்ளியும்

கெடா மாநிலத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் பதிவு கவுண்டரில் 28 வருடம் உட்கார்ந்திருந்தேன். வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது எங்கே வலிக்கிறது என்று அல்ல. "ஐசி இருக்கா?" என்றுதான். நீல அடையாள அட்டையை நீட்டினால் 1 வெள்ளி (ரிங்கிட்). நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. பாஸ்போர்ட்டை நீட்டினால் 40 வெள்ளி, நிபுணருக்கு 120. நான் ஓய்வு பெறும்போது இதுதான் கணக்கு.

மலேசியாவை உலக வங்கி உயர் நடுத்தர வருமான நாடு என்று வகைப்படுத்துகிறது. சொந்த மக்களுக்கு ஏறக்குறைய இலவசமாக வைத்தியம் பார்க்கிற நாடு. அதில் எனக்குப் பெருமைதான். "நம்ம வரிப்பணத்துல வெளியாளுக்கு ஏன்?" என்று வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பதையும் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. தீபகற்ப மலேசியாவில் கட்டுமானத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்யும் ஒவ்வொரு வெளிநாட்டவருக்கும் அரசு வருடத்துக்கு 1,850 வெள்ளி 'லெவி' வாங்குகிறது. 2018 முதல் அதை முதலாளிதான் கட்ட வேண்டும். அதற்கு முன் யார் சம்பளத்தில் பிடித்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2022 கடைசியில் ஒரு பையன் கையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு வந்தான். ராமநாதபுரம் பக்கத்து ஊர். ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. கொதிக்கிற எண்ணெய் முழங்கை வரை கொட்டியிருந்தது.

"பாஸ்போர்ட் எங்கப்பா?"

"முதலாளிகிட்ட இருக்குக்கா."

"பெர்மிட்?"

"அதையும் அவருதான் பாத்துக்கிறாரு."

அவர் பார்த்துக்கொண்ட லட்சணம், பெர்மிட் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் இந்தப் பையனுக்கு ஒரு குறையும் இல்லை. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். அப்போது முதலாளி, தொழிலாளியின் சம்பளத்தில் 1.25 விழுக்காடு கட்ட வேண்டியிருந்தது. அடிபட்டால் வைத்தியச் செலவும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணமும் கிடைக்கும். அதுபோக 2011 முதல் வருடத்துக்கு 120 வெள்ளியில் ஒரு மருத்துவக் காப்புறுதி கட்டாயம். வார்டில் படுத்தால்தான் அது உதவும். காய்ச்சல், இருமலுக்கு உதவாது. தோட்டத் தொழிலாளிக்கும் வீட்டு வேலைப் பெண்ணுக்கும் அதுவும் கட்டாயமில்லை. பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைப்பதும் 1966ஆம் வருடச் சட்டப்படி குற்றம்.

ஆனால் காப்புறுதி பெர்மிட்டோடு பிறந்து பெர்மிட்டோடு சாகிறது. முதலாளி பெர்மிட்டைப் புதுப்பிக்காமல் விட்ட அன்றைக்கே அவனுடைய வைத்தியமும் போய்விட்டது. சொக்சோவில் அவன் பெயரே இல்லை.

ஆபத்து என்றால் முதலில் கவனித்துவிடுவார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். வார்டு என்றால் முன்பணம்: மூன்றாம் வகுப்பில் சாதாரண நோய்க்கு 1,400 வெள்ளி, அறுவை சிகிச்சைக்கு 2,800. அந்த 2022இல் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,500 வெள்ளி. ஐ.நா. அகதி அட்டை வைத்திருக்கும் ரோஹிங்கியாக்களுக்கு வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. இவன் அகதியும் இல்லையே.

பணத்தைக் கேட்டபோதுகூட அவன் முகம் மாறவில்லை. வாசலோரம் இருந்த போலீஸ் சாவடியைப் பார்த்துப் பார்த்துத்தான் வெளிறிப்போனான். "போலீசுக்குச் சொல்லிருவீங்களாக்கா?" ஆவணமில்லாதவர் வந்தால் தகவல் கொடுக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை 2001லிருந்து இருக்கிறது. நான் எத்தனை முறை போனை எடுத்தேன், எத்தனை முறை எடுக்கவில்லை என்று இங்கே எழுதப்போவதில்லை. கொரோனா வந்த 2020இல் சோதனைக்கு வெளிநாட்டவரும் பயமில்லாமல் வரலாம் என்றார்கள். மே 1ஆம் தேதி கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் குடிநுழைவுத் துறை நுழைந்து நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்தது. மறு வருடம் தடுப்பூசி எல்லாருக்கும் இலவசம் என்றபோது, எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் யாராவது முதலில் போய்த் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

டாக்டர் வார்டில் சேரச் சொன்னார். அவன் மருந்து கட்டிக்கொண்டு, ஒரு தாளில் கைநாட்டு வைத்துவிட்டுப் போய்விட்டான். கையெழுத்துப் போடுகிற கைதான் வெந்திருந்தது.

இதையெல்லாம் நான் வெளியாள் கதையாகப் பார்க்க முடியாததற்குக் காரணம் என் பாட்டி. விடியுமுன் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பிரட்டுக்குப் போய், நாற்பது வருடம் பால்மரம் சீவியவள். பேப்பர் சரியில்லை என்று கடைசிவரை சிவப்பு ஐசிதான்: நிரந்தரவாசி, ஆனால் குடியுரிமை இல்லை. 2012இல் அரசாங்கம் குடும்பத்துக்கு 500 வெள்ளி கொடுத்தபோது குடிமக்களுக்கு மட்டும்தான் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி வாங்கி வந்த நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "புதுசா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் ஊழியர் சேமநிதியான ஈபிஎஃப் வந்துவிட்டது. அவன் சம்பளத்தில் 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. போன மாதம் நான் பேரனை முடிவெட்டக் கூட்டிக்கொண்டு போனபோது கடையில் வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி கேட்டான்.

"பிடிக்கிற காசு ஊருக்குப் போறப்ப கெடைக்குமாக்கா?"

"கெடைக்கும்பா."

"அதுக்கு என்ன கொண்டு போகணும்?"

"பாஸ்போர்ட்."

கத்திரியை நிறுத்திவிட்டு, கல்லாவில் இருந்தவரைக் கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்தான்.