வாவியின் இரு கரைகளும் மண்முனைத் துறையும்

மட்டக்களப்பு என்றதும் வெளியூர் நண்பர்கள் என்னிடம் கேட்பது மூன்றைப் பற்றித்தான்: கோட்டை, கல்லடிப் பாலம், பாடும் மீன். மூன்றும் பார்க்கவேண்டியவையே. ஆனால் படுவான்கரையில் பிறந்த எனக்கு இந்த வாவியின் வரலாறு மண்முனைத் துறையில்தான் தொடங்குகிறது.

வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது வாவி. அதற்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலம் எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம். மேற்கே வயல்களும் மேய்ச்சல் தரைகளும் விரியும் படுவான்கரை. சூரியன் படும் பக்கம். நெல்லும் பாலும் இங்கே. சந்தையும் ஆஸ்பத்திரியும் பெரிய பாடசாலைகளும் அங்கே. மாரியில் வாவி பெருகி வயல்களை மூடும்போது, கடலோர மணல் திட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்துவிடுவார்கள். கடலில் வெட்டும் வாய்க்கால்தான் படுவான்கரையின் நெல்லைக் காக்கிறது.

நகரின் மையமான புளியந்தீவு வாவிக்குள் இருக்கும் தீவு. 1602இல் ஒல்லாந்துத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில்தான் வந்திறங்கினார். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638இல், கண்டி மன்னனுடன் கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். பின்னர் வந்த ஆங்கிலேயர் காலத்தில், 1814இல், மெதடிஸ்த மத்திய கல்லூரி தொடங்கியது. 1924இல் கல்லடிப் பாலம் வந்தது. அந்தப் பாலத்தடியில், நிலவு நாட்களில், தோணியில் இருந்து துடுப்பைத் தண்ணீரில் விட்டு அதன் மறுநுனியைக் காதில் வைத்தால் பாடும் மீனின் ஒலி கேட்கும் என்பார்கள்.

இக்கரையில் எங்களுக்குக் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர். கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயர் முன் கல்நந்தி எழுந்து புல் தின்றது என்பது ஐதீகம். திருவிழாக் காலத்தில் எழுவான்கரைச் சனமெல்லாம் மண்முனையில் படகுப் பாதை ஏறித்தான் வரும். அந்தப் பாதையில் சைக்கிளும் நெல்மூட்டையும் பிள்ளைகளும் ஒன்றாகக் கடந்தோம்.

போர் வந்ததும் அதே துறை எல்லையாயிற்று. இரு கரைக்கும் நடுவே சோதனை, தடை, காத்திருப்பு. 1990இல் நெல் விற்க அக்கரைக்குப் போன என் மாமா திரும்பி வரவில்லை. அதே ஆண்டு எழுவான்கரையில் சத்துருக்கொண்டான். 1987இலும் 1991இலும் எங்கள் பக்கம் கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு. 2007இல் ஷெல் வீச்சுக்கு அஞ்சி படுவான்கரையே வாவியைக் கடந்து முகாம்களுக்குப் போனது.

போர் முடிந்தபின் 2013இல் கல்லடியில் புதிய பாலமும், 2014இல் மண்முனையில் பாலமும் திறக்கப்பட்டன. இரண்டுமே ஜப்பானின் உதவியில் அமைந்தவை. இன்று சில நிமிடங்களில் அக்கரை போய்விடுகிறோம். நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஆனால் பாலம் தந்த நாட்டிடம் நாம் கற்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. ஜப்பானின் தென்கோடியில் உள்ள ஒக்கினாவாத் தீவுகள் 1879 வரை தனி இராச்சியம். 1945இல் மூன்று மாதம் நடந்த போரில் அத்தீவு மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. அரசர்களின் ஷுரி கோட்டையும் அழிந்தது. ஒக்கினாவா மக்கள் கோட்டையை 1992இல் மீளக் கட்டினார்கள். அத்துடன் நிற்கவில்லை. 1995இல் மாபுனி என்ற கடற்கரையில் கருங்கற் சுவர்களை எழுப்பி, போரில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்தார்கள். இன்று அங்கே 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ஊர்ச்சனம், படையினர், எதிர்த்துப் போரிட்ட அமெரிக்கர், கொரியர் என எல்லோரும் அதில் உண்டு. புதிதாகத் தெரியவரும் பெயர்களை இன்றும் சேர்க்கிறார்கள். 2019 வரை அங்கே சென்ற பயணி கோட்டையையும் பார்த்தார்; பெயர்களை இன்றும் வாசிக்கிறார்.

எங்கள் வாவியில் கோட்டை கட்டியவர்களின் ஆண்டுகள் சரியாகத் தெரியும். துறையைக் கடக்கப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களோ வீடுகளில் மட்டுமே இருக்கின்றன. மாமாவின் பெயரை இன்றும் நாள் தவறாமல் சொல்பவர் மாமி ஒருவர்தான். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

கற்சுவர் எழுப்ப எங்களிடம் பணமில்லை. அனுமதியும் எளிதில் கிடைக்காது. ஒரு கொப்பி போதும். ஊர் நூலகத்திலோ கோயில் நிர்வாகத்திடமோ வைத்து, எந்தத் துறை, எந்த ஆண்டு, யார் என்று முதியவர்களிடம் கேட்டு எழுதிவிடலாம். சென்ற வாரம் மாமியின் பக்கத்தில் இருந்து முதல் பெயரை நான் எழுதினேன். அன்று எத்தனை மூட்டை நெல் கொண்டு போனார் என்பதைக்கூட அவர் மறக்கவில்லை.