மலையிறக்கமும் தொடைத் தசையும்

ஜவ்வாது மலையில் சாமை பயிரிடும் மலையாளிப் பழங்குடியினர், வண்டி செல்லாத தடங்களில் மூட்டையைத் தலையில் சுமந்தே இறக்க வேண்டியவராவர். ஏற்றமே கடினமென்பது பொதுவான எண்ணம். ஏறுகையில் இடுப்பின் உட்புறத் தசை தொடையைத் தூக்க, பிட்டத்தின் பெருந்தசை உடலை உயர்த்துகின்றது, மூச்சும் வாங்குகின்றது. ஆயினும் தசையை அதிகமாய் நோகச் செய்வது இறக்கமேயாம். முழங்கால் மடங்கிவிடாதபடி, முன்தொடைத் தசை ஒவ்வோர் அடியிலும் இறுகிக்கொண்டே நீள வேண்டியிருக்கின்றது. இந்நோவு உடனே தெரியாது. மறுநாளும் மூன்றாம் நாளுமே மிகும். ஆதலின், பழக்கமில்லாத ஆளை முதல் நாளே முழு மூட்டையுடன் இறக்கிவிட்டு, மறுநாள் சோம்பலென்று கடிந்துகொள்வது முறையன்று. பாதிச் சுமையுடன் சில நாள் இறங்கினால் தசை பழகிவிடும்.

சுமையைத் தரையிலிருந்து எடுப்பதும் எளிதன்று. குந்தி எழுகையில் தொடையும் பிட்டமும் முழுப் பாரத்தையும் உயர்த்த, வயிற்றுத் தசைகள் இறுகி முதுகெலும்பைத் தாங்குகின்றன. மகப்பேற்றில் இறந்த பெண்டிர் நினைவாகச் சமவெளிப் பாதையோரங்களில் முன்னோர் நாட்டிய சுமைதாங்கிக் கற்கள் இவ்வுழைப்பை நீக்கின. நின்றபடியே சுமையை இறக்கலாம், ஏற்றலாம். மலைத்தடங்களிலும் கிராம அதிகாரிகள் அத்தகைய கற்களை நிறுத்துவிக்கலாம். கல்லுக்கு அங்கே பஞ்சமில்லை.